முதுமையும் பற்சீரமைப்பும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஒழுங்கற்று அமைந்த பற்களை உரிய இடத்துக்கு நகர்த்தி, பல்வரிசையையும் மேற்றாடை கீழ்த்தாடைகளின் கடியையும் சீர்செய்யும் மருத்துவத்துறை பற்சீரமைப்பு எனப்படும். மக்கள் வழக்கில் இது ‘கிளிப் போடுதல்’ என்றும் ‘கம்பி கட்டுதல்’ என்றும் சுட்டப்படுகின்றது. இச்சிகிச்சையைப் பற்றிப் பேசுகையில் பள்ளிச் சிறுவரும் மணவயதை அண்மிக்கும் இளைஞருமே நம் நினைவுக்கு வருகின்றனர். அறுபது வயதைக் கடந்த ஒருவர் தமது பற்களைச் சீரமைத்துக்கொள்ள விரும்புகின்றார் எனின், அது வீண் ஆடம்பரமாகவும் சில வேளைகளில் நகைப்புக்கு உரியதாகவுமே கொள்ளப்படுகின்றது. வயது போனவருக்குப் பல் விலகுவதும் ஆடுவதும் விழுவதும் இயல்பு என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது.

இவ்வெண்ணம் எந்த அளவுக்கு உண்மையானது? முதியவரின் பற்கள் விலகுவது முதுமையின் விளைவா, அல்லது முதுமைக்கு முன்னரே தொடங்கிக் கவனிப்பாரற்று வளர்ந்த நோயின் விளைவா? விலகிய பற்களை அவ்வயதில் மீண்டும் நகர்த்த இயலுமா? இயலுமெனின், வாவியின் இரு கரைகளிலும் வாழும் உழைக்கும் மக்களுக்கு அது எட்டாதிருப்பதற்குக் காரணம் உடலா, சமூகமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல் நகரும் முறை

பல்லானது சுவரில் அறைந்த ஆணியைப் போலத் தாடையென்பில் இறுகப் பதிந்திருப்பதில்லை. பல்வேருக்கும் அதனைச் சூழ்ந்த என்புக்கும் இடையில் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் தடிப்பே உடைய நார்ப்படை ஒன்று உண்டு. பல்லை என்புடன் பிணைத்து வைப்பதும், மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வதும் இப்படையே. பல்லின் மீது மெல்லிய விசை ஒன்று தொடர்ந்து செலுத்தப்படுமாயின், ஒரு பக்கத்தில் இந்நார்ப்படை நெருக்கப்படும். மறு பக்கத்தில் இழுபடும். நெருக்கமுற்ற பக்கத்தில் என்பை அரிக்கும் கலங்கள் தோன்றி என்பை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் என்பை ஆக்கும் கலங்கள் புதிய என்பைப் படிவிக்கின்றன. இவ்வாறு ஒருபுறம் அழிவும் மறுபுறம் ஆக்கமும் ஒருங்கே நிகழ்வதனால் பல் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்கின்றது. இந்நகர்வு மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவினதாகும்.

இவ்வுண்மை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வு முறையிற் புலப்படுத்தப்பட்டது. அமெரிக்கரான எட்வேர்ட் ஆங்கிள் 1899 ஆம் ஆண்டில் பற்கடியின் ஒழுங்கீனங்களை வகைப்படுத்தி இத்துறைக்கு ஒரு முறையான அடித்தளத்தை அமைத்தார். சுவீடனைச் சேர்ந்த கார்ள் சான்ட்ஸ்ரெட், 1904 ஆம் ஆண்டளவில், நாய்களின் பற்களை நகர்த்தி, அவற்றைச் சூழ்ந்த இழையங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். விசை அளவுக்கு மீறினால் நெருக்கமுற்ற பக்கத்திலுள்ள இழையம் குருதியோட்டமின்றி உயிரிழப்பதையும், அதனால் பல்லின் நகர்வு தடைப்படுவதையும் அவரது ஆய்வு காட்டிற்று. விசை மிகுந்தால் வேகம் மிகும் என்ற பொதுப்புத்திக்கு இது நேர்மாறானது.

வயதின் பங்கு யாது? நோர்வே நாட்டு ஆய்வாளர் கோரே ரெய்டன் 1950களில் இளையோரதும் வளர்ந்தோரதும் இழையங்கள் விசைக்கு எவ்வாறு துலங்குகின்றன என்பதை ஒப்பிட்டு ஆராய்ந்தார். வளர்ந்தோரின் பற்சூழ் இழையத்தில் கலங்களின் செயற்பாடு தொடக்கத்தில் மந்தமாகவே உள்ளது. நகர்வு தொடங்குவதற்குச் சற்றுக் கூடுதலான காலம் பிடிக்கின்றது. ஆயினும் ஒருமுறை தொடங்கிய பின்னர் அச்செயற்பாடு தொடர்ந்து நிகழ்கின்றது. முறிந்த என்பு முதியவரிலும் பொருந்துகின்றதல்லவா? அவ்வாறே பல்லைச் சூழ்ந்த என்பும் வாழ்நாள் முழுவதும் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றலை இழப்பதில்லை.

இளையோருக்கும் முதியோருக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு தாடையின் வளர்ச்சி பற்றியதாகும். வளரும் சிறுவரில் தாடையின் வளர்ச்சியையே ஓரளவு நெறிப்படுத்தலாம். வளர்ச்சி முற்றுப்பெற்றவரில் பற்களை மட்டுமே நகர்த்த இயலும். தாடையின் அமைப்பு மாறவேண்டுமெனின் சத்திரசிகிச்சை தேவைப்படும். ஆகவே முதுமையானது சிகிச்சையின் எல்லையைச் சுருக்குகின்றது; வாயிலை அடைத்துவிடவில்லை.

பற்கள் தாமாக விலகுவது ஏன்?

முதியோரிடையே பற்சீரமைப்புக்கான தேவை சிறுவயது ஒழுங்கீனத்தின் தொடர்ச்சியாகவே எப்போதும் தோன்றுவதில்லை. நாற்பது வயது வரை நேராக நின்ற முன்பற்கள் ஐம்பதில் முன்தள்ளி விசிறி போல் விரிவதையும், முன்பு இல்லாத இடைவெளிகள் தோன்றுவதையும் பலரிற் காணலாம். பல்லொன்று தன் இடத்தில் நிற்பது பல விசைகளின் சமநிலையினாலாகும். உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து உதடும் கன்னமும் அதனை அழுத்துகின்றன. எதிர்ப்பல் அதனைத் தாங்குகின்றது. பக்கப்பல் அதற்கு அணையாகின்றது. என்பும் நார்ப்படையும் இவை அனைத்தையும் ஏற்று நிற்கின்றன. இவற்றுள் ஒன்று கெடினும் சமநிலை குலைகின்றது.

முரசுக்கும் பல்லுக்கும் இடையிலான விளிம்பில் படியும் நுண்ணுயிர்ப் படலம் நாளடைவில் இறுகிப் பற்காரையாகின்றது. முரசு அழற்சியுற்றுச் சிவந்து குருதி கசிகின்றது. அழற்சி உட்புறமாகப் பரவும்போது நார்ப்படையும் என்பும் அழிகின்றன. இதுவே பற்சூழ் நோயாகும். பாதி என்பை இழந்த பல் பழைய விசைகளையே தாங்க இயலாது சாய்கின்றது. இந்நிலையில் கடைவாய்ப்பற்கள் பிடுங்கப்பட்டு அவற்றின் இடம் வெறுமையாக விடப்படுமாயின், கடியின் முழுப் பாரமும் முன்பற்கள் மீது விழுகின்றது. வெட்டுவதற்கென அமைந்த பற்கள் அரைக்கும் பணியையும் ஏற்கவேண்டி நேரும்போது அவை முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. வெறுமையாக விடப்பட்ட இடத்தை நோக்கிப் பின்னுள்ள கடைவாய்ப்பல் சாய்கின்றது. எதிர்த்தாடைப் பல் அவ்விடத்துக்குள் இறங்குகின்றது அல்லது எழுகின்றது.

ஆகவே முதியவரின் விலகிய முன்பல், அவரது பற்சூழ் இழையங்களின் முப்பது ஆண்டு வரலாற்றைக் கூறும் ஒரு சான்றாகும். அதனை முதுமையின் இயல்பு எனக் கூறி விட்டுவிடுவது அவ்வரலாற்றை வாசிக்க மறுப்பதற்கு ஒப்பானது.

மலையகத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு

பற்சூழ் நோயின் போக்கினை உலகம் அறிந்துகொண்டதில் இலங்கையின் தமிழ்த் தொழிலாளருக்கு ஒரு பங்குண்டு என்பது பலரும் அறியாத செய்தியாகும். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1969 ஆம் ஆண்டில் ஒஸ்லோ நகரில் மாணவரும் கல்வியாளருமான 565 ஆடவரையும், 1970 ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரான 480 தமிழ் ஆடவரையும் தெரிந்தெடுத்துப் பல்லாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். முதற்சாரார் சிறுவயது முதலே ஒழுங்கான பற்சிகிச்சையைப் பெற்றவர்கள். இரண்டாஞ்சாரார் பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ என்றும் எட்டப்பெறாதவர்கள். சிகிச்சை எதுவும் குறுக்கிடாத நிலையில் நோய் தன்போக்கில் எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிய இவர்கள் பொருத்தமானவர்களெனக் கொள்ளப்பட்டனர்.

இத்தொழிலாளரிடையே பற்சூத்தை மிக அரிதாகவே காணப்பட்டது. ஆதலால் அவர்களது பல்லிழப்புக்குப் பற்சூழ் நோயே ஏறக்குறைய ஒரே காரணமாய் அமைந்தது. 1986 ஆம் ஆண்டு வெளிவந்த முடிவுகளின்படி, ஏறத்தாழ எட்டு வீதத்தினரில் நோய் விரைந்து பரவியது. 81 வீதத்தினரில் மிதமான வேகத்தில் வளர்ந்தது. 11 வீதத்தினரில் முரசழற்சிக்கு அப்பால் நோய் முன்னேறவில்லை. விரைந்து பரவியோரில் 45 வயதளவில் பல்லின் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீற்றர் அளவுக்கு இழக்கப்பட்டிருந்தது. பல்வேர் ஒன்றின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதை நோக்கின் இவ்விழப்பின் தன்மை விளங்கும். மிதமான வேகத்தினரில் இவ்விழப்பு ஏழு மில்லிமீற்றராக இருந்தது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2010 ஆம் ஆண்டில், அத்தொழிலாளருள் 75 பேர் மீண்டும் கண்டறியப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர்.

இவ்வாய்விலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பற்சூழ் நோய் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. பராமரிப்பே அற்ற மக்களிடையேயும் ஒன்பதில் ஒருவர் தமது பிடிமானத்தைக் காத்துக்கொண்டனர். எனவே வயதுடன் பல்லிழப்புக் கட்டாயம் நேரும் என்பது பொருந்தாது. மற்றையது, நோயின் பெரும்பகுதி முதுமையில் நிகழ்வதன்று. இருபது வயதுக்கும் நாற்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட உழைக்கும் பருவத்திலேயே அது தன் வேலையை முடித்துவிடுகின்றது. முதுமை அதன் கணக்கை நமக்குக் காட்டுகின்றது, அவ்வளவே.

இங்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. உலகப் பல் மருத்துவ மாணவர் அனைவரும் கற்கும் ஒரு பாடம், சிகிச்சை மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளர் சமூகத்தின் வாய்களிலிருந்து பெறப்பட்டதாகும். ஒஸ்லோ மாணவரின் நல்ல பற்களும் தோட்டத் தொழிலாளரின் இழந்த பற்களும் இரு இனங்களின் இயல்பைக் காட்டுவன எனக் கொள்வார் இன்று எவருமிலர். அவை இரு சமூகங்களில் மருத்துவம் பங்கிடப்பட்ட முறையைக் காட்டுகின்றன. மலையகத்தின் எண்களை மட்டக்களப்புக்கு அப்படியே பொருத்துதல் தகாது. உணவும் தொழிலும் பழக்கமும் வேறானவை. ஆயினும் அவ்வாய்வு எழுப்பும் கேள்வி இரு பிரதேசங்களுக்கும் பொதுவானதாகும்.

வாவிக் கரையில் வெற்றிலையும் வாயும்

மட்டக்களப்பு வாவி கடற்கரைக்கு ஒருபோகாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கின்றது. ஞாயிறு எழும் திசையிலுள்ள கிழக்குக் கரை எழுவான்கரை எனவும், அது படும் திசையிலுள்ள மேற்குக் கரை படுவான்கரை எனவும் வழங்கும். எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரும் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய செறிவான குடியிருப்புக்களும் அமைந்துள்ளன. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை முதலியவற்றைக் கொண்ட படுவான்கரை வயலும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த பகுதியாகும்.

இரு கரையிலும் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வெற்றிலை ஒரு பொதுப் பண்பாட்டுப் பொருளாக விளங்கிவந்துள்ளது. விருந்தினரை வரவேற்பதும், திருமணப் பேச்சைத் தொடங்குவதும், பிணக்கைத் தீர்ப்பதும் வெற்றிலை வட்டாவை முன்வைத்தே நிகழ்ந்தன. அன்றியும், நீரில் நின்று வலை வீசுபவரும் வயலில் நாள் முழுதும் வளைந்து நிற்பவரும் வெற்றிலையைச் சடங்குப் பொருளாக மட்டும் கொள்ளவில்லை. பாக்கிலுள்ள அரெக்கொலினும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் சோர்வைப் போக்கி உடலைத் தூண்டுவன. பசியை மறக்கச் செய்வன. உழைப்பின் கடுமையே இப்பழக்கத்தை நிலைபெறச் செய்தது எனலாம். ஆகவே இதனை அறியாமையின் விளைவெனப் பழித்து ஒதுக்குவது சமூக நோக்கற்ற செயலாகும்.

எனினும் அதன் தீமையை மறைத்தலும் ஆகாது. வெற்றிலை மெல்வோரின் பற்களில் காரை மிகுதியாகப் படிவதும், பாக்கின் கடினத்தால் பல்லின் மேற்பரப்புத் தேய்வதும் பல் வைத்தியர் நன்கு அறிந்தவை. புகையிலை முரசுக்குச் செல்லும் குருதியையும் உடலின் எதிர்ப்பாற்றலையும் பாதித்துப் பற்சூழ் நோயை வளர்க்கின்றது. இவற்றினும் கொடியது வாயின் உட்சவ்வில் நிகழும் மாற்றம். தொடர்ந்து பாக்கு மெல்வோரிற் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நெகிழ்ச்சியை இழந்து நாராக இறுகுகின்றது. வாயை இரு விரல் அளவுக்குத்தானும் திறக்க இயலாத நிலை தோன்றுகின்றது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலையாகும். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைக் கலவை மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பது என்றும், பாக்கு மட்டுமே அத்தகையது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட தன் தொகுப்பில் முடிவு செய்தது. இலங்கை ஆடவரைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் உள்ளது.

பல்லெல்லாம் போன பின்னரும் வெற்றிலையை விடாத முதியோருக்காக நம் வீடுகளில் ஒரு கருவி உண்டு. அதுவே பாக்குரல். பாக்கையும் வெற்றிலையையும் அதிலிட்டு இடித்து மெல்லாமலே சுவைக்கலாம். பல்லிழப்பை இயல்பெனக் கொண்ட ஒரு சமூகம் அதற்கேற்பத் தன் பொருட்களையும் ஆக்கிக்கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல்லைக் காக்க முயலாது, பல்லில்லா வாய்க்கு வழி சமைத்தோம்.

முதியவருக்கு எது இயலும்?

இப்பின்னணியில் முதியோருக்கான பற்சீரமைப்பை நோக்கும்போது, அதன் வரிசைமுறை முக்கியத்துவம் பெறுகின்றது. முதலில் நோய் அடங்கவேண்டும். பின்னரே பல் நகரவேண்டும். இதற்கான ஆய்வு ஆதாரம் 1977 ஆம் ஆண்டு சுவீடனிலிருந்து வெளிவந்தது. எரிக்சன், திலாண்டர், லிண்டே முதலியோர் நாய்களின் பற்களில் நிகழ்த்திய சோதனையில், நுண்ணுயிர்ப் படலம் அகற்றப்பட்டுத் தூய்மை பேணப்பட்ட வாயில் பல்லைச் சாய்த்து நகர்த்தியபோது பிடிமானம் கெடவில்லை. படலம் படிந்து அழற்சியுற்ற வாயில் அதே நகர்வு என்பின் அழிவைக் கூட்டியது. விசை இரண்டிலும் ஒன்றே, விளைவு நேர்மாறு. ஆகவே என்பு ஓரளவு குறைந்திருப்பதே தடையாவதில்லை. அழற்சி நீங்காதிருப்பதே தடையாகின்றது.

எனவே முதலிற் பற்காரை அகற்றப்பட்டு, வேர்ப்பரப்புத் தூய்மை செய்யப்பட்டு, முரசிலிருந்து குருதி கசிவது நிற்கவேண்டும். புகையிலையும் பாக்கும் கைவிடப்படவேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். கட்டுப்பாடற்ற நீரிழிவு பற்சூழ் நோயைப் பெருக்குவதோடு ஆறுதலையும் தாமதிக்கும். என்பு நலிவு நோய்க்கென உட்கொள்ளப்படும் சில மருந்துகள், குறிப்பாகப் பிஸ்பொஸ்பனேற்று வகையைச் சேர்ந்தவை, என்பை அரிக்கும் கலங்களை முடக்குவதால் பல்லின் நகர்வையும் மந்தப்படுத்துகின்றன. அரிதாகப் பல் பிடுங்கிய பின்னர் தாடையென்பு ஆறாது அழியும் நிலையையும் அவை ஏற்படுத்தலாம் என்பது 2003 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது. ஆதலால் தாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் முதியவர் பல் வைத்தியருக்குத் தெரிவிப்பது இன்றியமையாதது.

இவ்வாறு ஆயத்தமான வாயில் செலுத்தப்படும் விசை இளையோருக்குச் செலுத்தப்படுவதினும் மெல்லியதாக அமையவேண்டும். என்பு குறைந்த பல்லில் அதே விசை மிகுந்த அழுத்தமாக மாறும். பல்லின் நிலைப்புள்ளி வேரின் நுனியை நோக்கி இறங்கிவிடுவதால் பல் எளிதிற் சாயவும் முற்படும். நெகிழ்ச்சி மிகுந்த நிக்கல் தைத்தேனியக் கம்பிகள் 1970களில் இத்துறைக்கு அறிமுகமானமை மெல்லிய விசையைத் தொடர்ந்து செலுத்துவதை எளிதாக்கியது. சிகிச்சை முடிந்த பின்னர், நகர்ந்த பல்லை அவ்விடத்தில் நிறுத்திவைக்கும் மெல்லிய கம்பியொன்று பல்லின் உட்புறத்தில் ஒட்டப்படும். என்பு குறைந்த முதியவரில் இது ஆயுட்காலம் முழுவதும் இருக்கவேண்டியதாகலாம்.

சிகிச்சையின் இலக்கும் இளையோருக்குரியதினின்று வேறுபடும். முதியவருக்கு முழுப் பல்வரிசையையும் நூலிட்டாற் போல் நேராக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சாய்ந்த கடைவாய்ப்பல் ஒன்றை நிமிர்த்தினால் அதனருகில் இழந்த பல்லுக்குப் பாலமிடவோ கட்டுப்பல் பொருத்தவோ இடம் கிடைக்கும். முன்தள்ளிய வெட்டும்பற்களை உள்ளிழுத்தால் உதடுகள் பொருந்தி மூடும், உணவைக் கடித்தெடுக்க இயலும், சொல்லும் திருந்தும். இவை ஆறு மாதங்கள் முதல் ஓராண்டு வரையான காலத்தில் முடியக்கூடிய எளிய நகர்வுகள். முழுமையான சீரமைப்புக்கோ பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதங்கள் வரை செல்லும்.

எத்தனை பற்கள் போதும் என்பதும் ஆராயப்பட்டதொரு வினாவாகும். ஒல்லாந்தைச் சேர்ந்த ஆர்ண்ட் கைசர் 1981 ஆம் ஆண்டில், இருபது பற்கள் தக்கவாறு எதிரெதிரே பொருந்தி நிற்குமாயின் முதியவருக்கு அதுவே போதுமானது என்ற கருத்தை முன்வைத்தார். எண்பது வயதில் இருபது பற்கள் என்ற இலக்கினை யப்பான் 1989 ஆம் ஆண்டில் தேசிய இயக்கமாகவே தொடங்கியது. கூனிக் குறுகிய முதுமையும் பல்லற்ற வாயும் பிரிக்கவியலாதவை என்ற நம்பிக்கையை ஒரு நாடு திட்டமிட்டுத் தகர்க்க முற்பட்டமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

கரைகளுக்கிடையே உள்ள தூரம்

உடல் இடங்கொடுக்கின்றது; சமூகம் இடங்கொடுக்கின்றதா? இலங்கையில் முதற் பல் மருத்துவக் கல்வி 1943 ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கி, 1954 ஆம் ஆண்டில் பேராதனைக்கு மாற்றப்பட்டது. நியூசிலாந்தின் முன்மாதிரியைத் தழுவி, பாடசாலைச் சிறுவருக்குச் சிகிச்சையளிக்கும் தாதியரைப் பயிற்றும் கூடம் கொழும்புத் திட்ட உதவியுடன் 1950களில் மகரகமவில் அமைந்தது. அரச வைத்தியசாலைகளிற் பற்சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. இவை நமது நாட்டின் பெருமைக்குரிய பேறுகள். ஆயினும் இச்சேவையின் அமைப்பு சிறுவரை நோக்கியதாக உள்ளது. முதியவர் அதனை நாடுவது பெரும்பாலும் வலி தாங்காது பல்லைப் பிடுங்குவதற்கே.

சிறுவருக்கு முதலிடம் அளித்தல் நியாயமே. பிரித்தானியாவிலும் பொதுச் செலவிலான பற்சீரமைப்பு பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கே உரியது. ஆனால் அங்கு தேவையின் தரத்தை அளவிடுவதற்கு 1989 ஆம் ஆண்டில் புறூக், ஷோ ஆகியோர் வகுத்த ஒரு சுட்டி பயன்படுத்தப்படுகின்றது. அழகின் பொருட்டான விருப்பத்தையும் உடல்நலத்தின் பொருட்டான தேவையையும் பிரித்தறிய அது முயல்கின்றது. வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும்போது இப்பிரிப்பு மறைந்துவிடுகின்றது. அழகுக்காகக் கிளிப் போட விரும்பும் பதினைந்து வயதினரும், விலகிய பற்களால் சோற்றையே மெல்ல இயலாத அறுபது வயதினரும் வேறுவேறு வரிசைகளில் நிற்கின்றனர். இரண்டாமவரின் வரிசை நகர்வதே இல்லை.

மட்டக்களப்பின் முதியோருக்கு வேறொரு வரலாற்றுச் சுமையும் உண்டு. இன்று அறுபத்தைந்து வயதளவில் உள்ள ஒருவர், போர் மூண்ட 1983 ஆம் ஆண்டில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அது முடிவுற்ற 2009 ஆம் ஆண்டில் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். பற்சூழ் நோய் தன் வேலையை முடிக்கும் பருவம் எதுவென மலையக ஆய்வு காட்டிற்றோ, அப்பருவம் முழுவதும் இவர்களுக்குப் போரிலே கழிந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 ஆம் ஆண்டு வரை மோதற் பிரதேசமாகவும் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியிலும் இருந்தது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலை எழுவான்கரையைச் சூறையாடியது. உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த காலத்தில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பற்காரை அகற்றச் செல்வார் யார்? இத்தலைமுறையின் வாய்களில் முதுமையின் சுவட்டினும் அந்தக் கால் நூற்றாண்டின் சுவடே ஆழமாகப் பதிந்துள்ளது எனலாம்.

2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், அதுவரை ஓடத்தையும் சுற்றுவழியையும் நம்பியிருந்த கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்களுக்கு எழுவான்கரை அண்மித்தது. எனினும் தூரம் என்பது கிலோமீற்றரால் மட்டும் அளக்கப்படுவதன்று. பற்சீரமைப்புக்கு நான்கு அல்லது ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியரைக் காணவேண்டும். ஒவ்வொரு பயணமும் நாட்கூலி பெறும் ஒருவருக்கு ஒரு நாட்கூலியின் இழப்பாகும். துணைக்கு வரும் மகளோ பேரனோ இழக்கும் நாள் வேறு. தனியார் சிகிச்சையின் செலவோ இவர்களது கணிப்புக்கே அப்பாற்பட்டது. மருத்துவம் இலவசம் என்ற சொல்லுக்குள் இச்செலவுகள் அடங்குவதில்லை.

செய்யத்தக்கவை

இலங்கை மக்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 1981 ஆம் ஆண்டில் 6.6 வீதமாக இருந்தனர். 2012 ஆம் ஆண்டில் 12.4 வீதமாயினர். இவ்விகிதம் மேலும் உயர்ந்து செல்லும். முதியோரின் வாய் நலத்தை ஒரு சிறுபான்மையினரின் குறையாகக் கருதும் நிலை இனியும் நீடித்தல் இயலாது.

இதற்குப் பெருஞ்செலவிலான புதிய நிறுவனங்களை உடனடியாக வேண்டிநிற்பது அவசியமன்று. நீரிழிவு, குருதியமுக்கம் ஆகியவற்றுக்கென மாதந்தோறும் வைத்தியசாலைக்கு வரும் முதியவரின் வாயையும் அதே நாளிற் பரிசோதித்தல் முதற் படியாகும். ஆறாத புண், வெண்படலம், திறக்க மறுக்கும் தாடை என்பன அப்போதே கண்டறியப்பட்டால் பல்லை மட்டுமன்றி உயிரையும் காக்கலாம். இரண்டாவதாக, பற்காரை அகற்றும் வசதி படுவான்கரையின் பிரதேச வைத்தியசாலைகளில் முதியோருக்கு ஒழுங்காகக் கிட்டவேண்டும். மூன்றாவதாக, சாய்ந்த பல்லை நிமிர்த்துதல் போன்ற எளிய சீரமைப்பு, கட்டுப்பல் பொருத்தும் சேவையின் ஒரு பகுதியாகவே கருதப்படவேண்டும்; சீரமைப்பு நிபுணரும் பற்சூழ் நோய் நிபுணரும் முதியவரை வெவ்வேறு நாட்களில் அலைக்கழிக்காது ஒருங்கே பார்க்கும் முறை வேண்டும். நான்காவதாக, வெற்றிலை வட்டாவின் பண்பாட்டு மதிப்பைக் காத்துக்கொண்டே பாக்கையும் புகையிலையையும் அதிலிருந்து நீக்கும் கருத்துப் பரப்புரையை, அச்சமூகத்தின் மூத்தோரைக் கொண்டே நடத்தல் வேண்டும்.

இன்று இருபதிலும் முப்பதிலும் உள்ளோருக்கும் இக்கட்டுரைப் பொருளில் நேரடியான தொடர்புண்டு. அவர்களது அறுபதாம் வயதின் பல்வரிசை இப்போதே தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது. காலையில் துலக்கும்போது முரசிற் கசியும் குருதி, பின்னர் விலகப்போகும் பல்லின் முதல் அறிவித்தலாகும்.

தமிழில் முறுவல் என்ற சொல் புன்னகையையும் பல்லையும் ஒருங்கே குறிக்கும்; நகை என்பதற்கும் அவ்விரு பொருளும் உண்டு. பல்லையும் மகிழ்ச்சியையும் ஒரு சொல்லால் உணர்த்திய மொழியைப் பேசுவோர், முதியவர் வாயைக் கையால் மறைத்துச் சிரிப்பதைக் காணும்போது அதனை நாணமெனக் கொண்டு கடந்துவிடுகின்றோம். பல் போனால் சொல் போகும் என்ற பழமொழியையும் நாமே சொல்கின்றோம். மெல்லவும் பேசவும் மறைக்காது சிரிக்கவும் உள்ள உரிமை வயதால் காலாவதியாவதில்லை. வாவியின் இரு கரைகளிலும் அவ்வுரிமை ஒரே அளவில் கிட்டும் வரையில், முதுமையின் மீது பழியைப் போட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.